செருப்புக்குச் சொந்தக்காரன் யார்?

ஏப்ரல் 14 கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சட்டக் கல்லூரித் தம்பி ஒருவன் வந்து கேட்டான்: 'அண்ணே, காப்புரிமை, டிரேட் மார்க் பாக்குற வக்கீல் ஆபீஸ்ல வேலைக்குக் கூப்புடுறாங்க. போலாமாண்ணே?' பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுச் சட்டம் படிக்க வந்தவன். அவன் தெருவில் முதல் பட்டதாரி. நான் பேசுவதற்குள் பக்கத்திலிருந்த தோழர் முந்திக்கொண்டார்: 'கம்பெனிக்காரனுக்குப் பேரு பதிஞ்சு குடுக்குறதுக்கா இயக்கம் உன்ன படிக்கச் சொல்லுச்சு? வன்கொடுமை வழக்கு நடத்த ஆளில்லாமக் கெடக்கு.' தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன்.

தோழர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. இன்றைக்கும் அந்தச் சட்டப்படி ஒரு முதல் தகவல் அறிக்கை போடவைக்கவே நம் வழக்கறிஞர்களின் பாதி ஆயுள் போய்விடுகிறது. அந்த வேலையை விட்டுவிட்டு எவனும் எங்கேயும் போக வேண்டாம். ஆனால் நம் உடம்பின்மேல் விழுகிற அடி மட்டும்தான் நமக்குத் தெரிகிறது. நம் கையிலிருக்கிற அறிவு கொள்ளை போவது தெரிவதில்லை. அது காகிதத்தில் நடக்கிறது, சத்தம் வராமல் நடக்கிறது. நான் வங்கியில் குமாஸ்தா. காகிதம் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்த வக்கீலின் வேலை என்ன? ஒருவன் ஒரு பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தேன் என்று வருகிறான். அது ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறதா என்று இவர் தேடிப் பார்க்கிறார். இல்லையென்றால் எழுத உட்காருகிறார். எழுத்துதான் இந்த வேலைக்கு உயிர். விண்ணப்பத்தின் கடைசியில் 'இதுவெல்லாம் என்னுடையது' என்று எண் போட்டுச் சில வாக்கியங்கள் வரும். நிலத்துக்கு வேலி அடிக்கிற வாக்கியங்கள். வேலியைக் குறுக்கிப் போட்டால் அடுத்தவன் பக்கத்தில் வந்து குடிசை போட்டுவிடுவான். அகட்டிப் போட்டால் 'இதில் பாதி பழசு' என்று அதிகாரி தள்ளிவிடுவார். அதிகாரி எழுப்புகிற ஆட்சேபங்களுக்குப் பதில் எழுதி, விசாரணையில் வாதாடி வாங்கிக் கொடுத்துவிட்டால், விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 வருஷத்துக்கு அந்த அறிவு அவன் சொத்து.

வணிகச் சின்னம் வேறு மாதிரி. பெயர், படம், எழுத்து இவற்றைப் பதிகிறார்கள். உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தோல் 18ஆம் வகுப்பு. செருப்பு 25ஆம் வகுப்பு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வந்தால் அந்தப் பெயருக்குச் சாவே கிடையாது. வகுப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு வேறொரு பட்டியல் ஞாபகம் வரும். அந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோம். இந்தப் பட்டியலில் நாம் செய்த பொருள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைத்துப் படிக்கத்தான் ஆளில்லை.

சேர்த்துப் படித்தால் என்ன தெரியும் என்பதற்குக் கோலாப்பூர்ச் செருப்பைச் சொல்கிறேன். கோலாப்பூர் நமக்கு அந்நிய ஊர் இல்லை. சாகு மகராஜ் 1902இல் பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு வேலைகளில் 50 சதவீதம் ஒதுக்கிய சமஸ்தானம் அது. 1920 மார்ச்சில் மாண்காவ் மாநாட்டில் இளைஞரான அம்பேத்கரை அவர் மக்கள் முன்னால் நிறுத்தியதும் அந்த மண்ணில்தான். அந்த வட்டாரத்தில் கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதனிடுகிறார்கள். ஆணி இல்லாமல் தோல்வாராலேயே தைத்துச் செருப்பு செய்கிறார்கள். பதனிடுகிறவர்கள் டோர் சாதி. தைக்கிறவர்கள் சாம்பார் என்கிற சர்மகார்கள். கர்நாடகப் பக்கம் சமகாரர்கள். மொழி வேறு, சேரி ஒன்றுதான்.

இந்தச் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, சோலாப்பூர். கர்நாடகத்தில் பெலகாவி, தார்வாட், பாகல்கோட், விஜயபுரா ஆகிய எட்டு மாவட்டங்களில் செய்வதுதான் கோலாப்பூரிச் செருப்பு என்று எழுதினார்கள். எழுதிப் பதிந்த இடம் எது தெரியுமா? நம் சென்னை கிண்டி. நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் அங்கேதான் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறோம்? நான் போனதில்லை. செருப்பைப் பற்றி மூன்று கவிதை எழுதியிருக்கிறேன், கூட்டத்தில் வாசித்துக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். செருப்பைப் பற்றிய சட்டத்தைச் சமீபத்தில்தான் எடுத்துப் படித்தேன்.

2025 ஜூனில் இத்தாலி மிலான் நகரத்தில் பிராடா கம்பெனி ஆண்களுக்கான ஆடை அணிவகுப்பு நடத்தியது. அதில் வந்தவர்கள் காலில் கோலாப்பூரியைப் பார்த்த மாதிரியே செருப்பு. கம்பெனி அதற்கு வைத்த பெயர் வெறும் 'தோல் செருப்பு'. ஊர் பெயரும் இல்லை, தைத்துப் பழக்கிய சனத்தின் பெயரும் இல்லை. எதிர்ப்பு கிளம்பியபின் இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார்கள். சில வழக்கறிஞர்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். ஜூலையில் அது தள்ளுபடியானது. குறியீட்டைப் பதிவு செய்த உரிமையாளர்கள் இருக்கும்போது நீங்கள் யார் வழக்குப் போட என்று நீதிமன்றம் கேட்டது.

சட்டப்படி சரியான கேள்வி. அப்படியானால் பதிவு செய்த உரிமையாளர் யார்? பட்டையும் கடுக்காயும் ஊறின தண்ணீரில் கை கருத்துப்போனவரா? குத்தூசி பிடித்துக் கை காய்த்தவரா? கிடையாது. மகாராஷ்டிரத்தின் சந்த் ரோகிதாஸ் தோல் தொழில் மற்றும் சர்மகார் வளர்ச்சிக் கழகமும், கர்நாடகத்தின் டாக்டர் பாபு ஜெகஜீவன்ராம் தோல் தொழில் வளர்ச்சிக் கழகமும். இரண்டும் அரசு நிறுவனங்கள். பெயர்ப்பலகையில் நம் பெரியவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடுகிற நாற்காலி அரசாங்கத்துடையது. 2025 டிசம்பரில் இந்த இரண்டு கழகங்களும் பிராடாவோடு ஒப்பந்தம் போட்டன. இரண்டாயிரம் ஜோடி, இங்கேயே செய்வது, ஜோடி சுமார் 800 யூரோ, அதாவது 80,000 ரூபாய்க்கு மேல் என்று அறிவித்தார்கள். ஒப்பந்தத்தைத் திட்டுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நாலு பேருக்கு வேலை கிடைத்தால் கிடைக்கட்டும். கேள்வி அந்த மேசையைப் பற்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் வக்கீல். இந்தப் பக்கம் தைக்கிறவனுக்கென்று சட்டம் படித்த ஒரு ஆள் எங்கே?

நான்கு சட்டங்களையும் நான்கு கதவாக வைத்துக்கொள்ளுங்கள். செருப்புத் தைக்கிறவர் ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். காப்புரிமைக் கதவு கேட்கிறது: புதுசா? அப்பன் பாட்டன் காலத்துதுங்க. அப்படியானால் போ. நம் காப்புரிமைச் சட்டத்தில் மரபு அறிவுக்குக் காப்புரிமை கிடையாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. வடிவமைப்புக் கதவும் அதையே கேட்கிறது: புதுசா? போ. வணிகச் சின்னக் கதவு கேட்கிறது: எந்தக் கம்பெனியின் பெயர்? கம்பெனி இல்லீங்க. போ. கடைசியில் புவிசார் குறியீடு. அது கேட்பது: எந்த ஊர்? ஊரைச் சொன்னால் உள்ளே விடுகிறது. ஆனால் அது காப்பாற்றுவது ஊர்ப்பெயரைத்தான். பெயரைச் சொல்லாமல் உருவத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவனை அந்தச் சட்டத்தில் மடக்குவது கஷ்டம். யார் கை, எந்தச் சனத்தின் கை என்று எந்தக் கதவும் கேட்பதில்லை.

ஊரைக் காப்பாற்றும் சட்டம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஊர் வேறு சேரி வேறு என்று வைத்திருக்கிற நாட்டில், ஊர்ப்பெயருக்குக் கிடைக்கிற உரிமை யார் வீட்டுக்குப் போகும்? 1999ஆம் வருஷத்துப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கைவினைப் பொருளுக்கு 'உற்பத்தியாளர்' யார் என்றால், அதைச் செய்கிறவர். அதோடு, அதில் வியாபாரம் செய்கிறவரும் சேர்த்தி. செய்கிறவனும் விற்கிறவனும் ஒரே சொல்லுக்குள். குத்தூசி பிடித்தவனும் கல்லாவில் உட்கார்ந்தவனும் ஒன்று. நாட்டில் எத்தனையோ இடத்தில் நம்மைத் தனியாகப் பிரித்து வைத்தவர்கள், தனியாகப் பிரிக்க வேண்டிய இந்த ஒரு இடத்தில் மட்டும் சமத்துவம் கொண்டாடியிருக்கிறார்கள்! அந்த வரியை எழுதியபோது நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பாரா?

என் வேலையிலிருந்து இன்னொன்று. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் என்ற பெயரையும் அந்தப் பறவைச் சின்னத்தையும் வங்கிகள் கடனுக்கு ஈடாக எடுத்துக்கொண்டன. விமானம் நின்றுபோனது. 2016 ஏப்ரலில் அந்தச் சின்னங்களுக்கு 366.70 கோடி ரூபாய் என்று விலை வைத்து ஏலம் விட்டார்கள். கேட்க ஒரு ஆள் வரவில்லை. ஆக, ஒரு முதலாளியின் பறவைப் படத்துக்கு வங்கியில் மதிப்பு உண்டு. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கு விரித்துத் தைக்கிறவர் ஐம்பதாயிரம் கேட்டு என் கவுண்டருக்கு வந்தால், 'ஈடு என்ன இருக்கு, ஜாமீன் யாரு' என்று கேட்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டும் இருக்கிறேன். அவர் கையிலிருக்கிற வித்தைக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை. புவிசார் குறியீட்டை அடகு வைக்க முடியாது, விற்க முடியாது என்று சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. கந்துவட்டிக்காரன் கைக்குப் போகாமல் அது காக்கிறது. அந்த மட்டில் நல்லதுதான். ஆனால் கம்பெனியின் பெயர் மூலதனமாகவும், நம் பெயர் பெருமையாகவும் மட்டுமே இருக்கிறது. பெருமையை வைத்து அரிசி வாங்க முடியாது.

நம் ஊரிலும் இதே கதைதான். 'ஈ.ஐ. லெதர்' என்று தமிழ்நாட்டுக்கு ஒரு புவிசார் குறியீடு இருக்கிறது. ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று மரச்சரக்கில் பதனிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய தோல். ஈ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. கொள்ளையடிக்க வந்த கம்பெனியின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி வெந்த கால்களுக்கு அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லை.

எழுத்து என்று சொன்னேன். அதில்தான் பெரிய சூது இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்துப் போராடி 1997இல் ரத்து செய்யவைத்தது. நல்ல வெற்றி. ஆனால் எதைக் காட்டி ஜெயித்தார்கள்? பழைய நூல்களையும் அச்சிட்ட கட்டுரைகளையும் காட்டி. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டில் வழக்கத்தில் இருப்பது செல்லாது. எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அந்த அனுபவத்தில் 2001இல் மரபு அறிவு மின்நூலகம் ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம், யோகம் என்று நூல்களில் இருந்தவை அதில் ஏறின.

சரி. எழுதவே விடாமல் வைத்திருந்த சனத்தின் அறிவு எந்த நூலில் இருக்கும்? எத்தனை நாள் ஊறினால் தோல் இணங்கும், எந்தப் பட்டை எந்தத் தோலுக்கு, செத்த மாட்டை எந்த நேரத்துக்குள் உரித்தால் தோல் கெடாது, மருத்துவச்சி கையில் பிள்ளை எப்படித் திரும்பும்: இதெல்லாம் எந்தச் சுவடியில்? 'முன்பே தெரிந்த அறிவு' என்பதற்கு எழுத்தே முதல் சாட்சி என்று வைத்தால், கையும் வாயுமாய் வந்த அறிவு அநாதை. எவன் முதலில் எழுதுகிறானோ அவன் அதற்கு அப்பனாகிவிடுவான். எழுத்தை ஒரு சாதி பூட்டி வைத்திருந்ததன் பலன் இன்றைக்கும் வட்டி போட்டு வளர்கிறது.

இதற்கு மறுப்பு ஒன்று வரும். நம் தோழர்களிடமிருந்தே வரும், வரவேண்டும்: 'குலத்தொழிலை விட்டு வெளியேறு என்பதுதானே நம் அரசியல்? நீ செருப்புக்கு உரிமை கேட்டால் செருப்போடு கட்டிப்போட மாட்டானா?' உண்மையான பயம். பறை அடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று அடிபட்டு வெளியே வந்தவர்கள் நாம். புவிசார் குறியீட்டு விண்ணப்பங்களில் 'தலைமுறை தலைமுறையாக', 'பாரம்பரியம்' என்ற சொற்கள் வருகிறபோதெல்லாம் சாதிக்கு வெள்ளையடிக்கிற வாசனை எனக்கும் அடிக்கிறது. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள், அதில் செருப்புத் தைப்பதும் ஒன்று. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி, அந்த வடிவில் அதை நடத்த மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024இல் சொன்னது. சரியாகத்தான் சொன்னது.

ஆனால் தொழிலை விட்டு வெளியேறுவது வேறு, அந்தத் தொழிலில் சேர்ந்த சொத்தை அடுத்தவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியேறுவது வேறு. கேவலம் முழுக்க நமக்கு, பணம் முழுக்க அவனுக்கு என்று பாகம் பிரித்திருக்கிறார்கள். 2015இல் மகாராஷ்டிரம் காளை, எருது அறுப்பதற்கும் தடை போட்டது. 2016 ஜூலையில் குஜராத் உனாவில் செத்த மாட்டை உரித்த நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதே நாடு 2019இல் அந்தத் தோலில் செய்த செருப்புக்குப் பட்டம் கொடுக்கிறது. உரித்தவனுக்கு அடி, செருப்புக்குப் பட்டம்! மும்பையில் சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர், அந்தத் தடைக்குப் பிறகு தாராவித் தொழிலாளர்களோடு சேர்ந்து பழைய ரப்பரில் பைகள் செய்து 'சமார்' என்றே பெயர் வைத்தார். வசவாக இருந்த பெயரைச் சரக்கின் நெற்றியில் ஒட்டினார். இங்கே 'ஐயங்கார்' என்ற பெயரில் பேக்கரி நடந்தால் சுத்தம், ருசி என்று அர்த்தம். நம் பெயருக்கு அந்த அர்த்தம் வரக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

இனி தம்பிக்கும், அவன் மாதிரிப் பிள்ளைகளுக்கும். பலகையில் 'அட்டர்னி' என்று போட்டுக்கொள்கிறார்கள். 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிற சொல் 'பேட்டன்ட் ஏஜென்ட்'. இந்தியக் குடிமகனாக, 21 வயது முடிந்தவனாக, அறிவியல் அல்லது பொறியியல், தொழில்நுட்பப் பட்டம் பெற்றவனாக இருந்து, காப்புரிமை அலுவலகம் வைக்கிற தேர்வில் தேறினால் போதும். சட்டப் பட்டம்கூட வேண்டாம். அரசு கலைக் கல்லூரியில் வேதியியலோ விலங்கியலோ படித்துவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்? நீதிமன்றத்தில் வாதாட மட்டும் வழக்கறிஞராக இருக்க வேண்டும். தம்பிக்கு இரண்டு பட்டமும் இருக்கப்போகிறது. வணிகச் சின்னத்துக்கு வழக்கறிஞராக இருந்தாலே போதும்.

இயக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உற்பத்தியாளர் சங்கம் தானே புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அரசுக் கழகத்தின் பின்னால் நிற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே பதிந்த பொருளைச் செய்கிறவர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தவருக்கும் வழக்குப் போடும் உரிமை உண்டு. அதற்கான கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பத்து ரூபாய், ஒரு டீ காசு! படிவத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. சங்கமாகச் சேர்ந்து ஒரு பெயரைக் கூட்டு வணிகச் சின்னமாகப் பதியவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 'உற்பத்தியாளர்' என்ற சொல்லிலிருந்து வியாபாரியை வெளியேற்று என்று ஒரு கோரிக்கை நம் மாநாட்டுத் தீர்மானங்களில் வரவேண்டும். நம் கிழவன் கிழவிகளிடம் இருப்பதை நாமே எழுதி, தேதி போட்டு, அச்சிட்டு வைக்க வேண்டும். சிறுபத்திரிகையில் வந்தாலும் அச்சு அச்சுதான். நாளைக்கு ஒருவன் 'நான் கண்டுபிடித்தேன்' என்று வந்தால் எடுத்துப் போடுவதற்கு நம்மிடம் ஒரு தாள் இருக்கட்டும்.

தோழருக்கும் ஒரு வார்த்தை. அம்பேத்கரைக் கோட்டும் சூட்டும் போட்ட வக்கீலாகத்தான் சிலை வைக்கிறோம். கையில் புத்தகம் கொடுத்திருக்கிறோம். அவர் எழுதிய சட்ட வரி ஒவ்வொன்றும் யாரோ ஒருவன் வேறு மாதிரி எழுதிவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. இந்தத் தம்பி போகிற அறையிலும் வரிகள்தான் எழுதுகிறார்கள். அங்கே அவனுக்குக் கம்பெனி வேலைதான் முதலில் கொடுப்பார்கள், பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் கூனிக் குறுக வேண்டியும் வரும். தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். அவனைத் திரும்பி நம் தெருவுக்கு வரவைப்பது நம் பொறுப்பு. கேலி செய்து அனுப்பினால் வரமாட்டான்.

2023 டிசம்பரில் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்து ராஜாவூரில் நம் சனம் அறுபது பேர் போல, அதுவரை செருப்புப் போட்டு நடக்க முடியாமலிருந்த தெருவில் செருப்புக் காலோடு நடந்தார்கள். செருப்பைத் தைத்தவன் செருப்போடு நடக்க ஒரு போராட்டம் வேண்டியிருந்தது. அந்தச் செருப்பு என் அறிவு, என் சொத்து என்று சொல்வதற்கு இன்னொரு போராட்டம் வேண்டியிருக்கிறது. அது கிண்டியில் நடக்கும், நீதிமன்றத்தில் நடக்கும், வக்கீல் ஆபீஸ் மேசையில் நடக்கும்.

போயிட்டு வா தம்பி. முதல் மாசச் சம்பளத்துல ஒரு நல்ல செருப்பு வாங்கிப் போட்டுக்க. அப்புறம் அந்தப் பத்து ரூபாய்ப் படிவத்துல ஒரு கட்டு எடுத்துக்கிட்டு நம்ம தெருவுக்கு வா. நான் வாசல்ல நாற்காலி போட்டு வைக்கிறேன். எழுத வேண்டிய பேரு நெறைய இருக்கு.